‘எனக்கு ரயில் நிலையம் மட்டும்தான் புரிகிறது’: ஜெர்மன் மரபுத்தொடர் கேள்வி பதில்

ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். பேட்டி, கம்பெனிக் கடிதம், சப்டைட்டில் எல்லாம் வரும். மரபுத்தொடர்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். ஜெர்மன் தெரியாதவர்களும் படிக்கலாம், நேர்ப்பொருளைக் கூடவே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் சென்னையில் ஜெர்மன் பி1 (நடுத்தர நிலை) படிக்கிறேன். “இஷ் ஃபெர்ஷ்டேஹ நூர் பான்ஹோஃப்” என்றால் ‘எனக்கு ரயில் நிலையம் மட்டும்தான் புரிகிறது’, அதாவது ஒன்றுமே புரியவில்லை. “இட்ஸ் ஆல் கிரீக் டு மீ” என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம், அகராதியும் அதைத்தான் சொல்லும். ஆனால் பேசுகிறவர் யார் என்று பாரும்மா. இருபது வயதுப் பையன் நண்பனிடம் சொல்கிறான் என்றால் ‘கிரீக்’ கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். எதிரில் ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் சொன்னதா? “யூ ஹாவ் லாஸ்ட் மீ” போதும். வரிக் கணக்குப் படிவத்தைப் பார்த்துப் புலம்புகிறாரா? “ஐ கான்ட் மேக் ஹெட் ஆர் டெய்ல் ஆஃப் திஸ்”. முதல் உலகப்போரில் சலித்துப்போன சிப்பாய்களுக்கு வீடு திரும்பும் ரயிலைத் தவிர வேறு நினைப்பில்லை, அதிலிருந்து வந்தது என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவாது.

கேள்வி: “தாஸ் இஸ்ட் நிஷ்ட் மைன் பியர்” (இது என் பீர் இல்லை) என்பதற்கு “நாட் மை கப் ஆஃப் டீ” அப்படியே பொருந்துகிறதே மேடம்? அங்கே பீர், இங்கே டீ!

பதில்: பொருந்துவது போலத் தெரிவதுதான் ஆபத்து. ஆங்கில டீக்கு ‘எனக்குப் பிடிக்காது’ என்று பொருள். ஜெர்மன் பீருக்கு ‘அது என் கவலை இல்லை, அவர்கள் பாடு’ என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லி, நீங்கள் டீ என்று எழுதினால், அவருக்குச் சண்டை பார்ப்பதில் ருசி இல்லை என்று ஆகிவிடும். “நாட் மை பிராப்ளம்” என்று எழுதுங்கள்.

நாய்க்கும் இதே கதைதான். “டா லீக்ட் டேர் ஹுண்ட் பெக்ராபன்”, அங்கேதான் நாய் புதைந்திருக்கிறது. இதை “லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை” என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தூங்கும் நாய்க்கு ஜெர்மனில் தனியாக ஒரு பழமொழி உண்டு. புதைந்த நாய் என்றால் ‘சிக்கலே அங்கேதான் இருக்கிறது’. “தட்ஸ் த ரியல் பிராப்ளம்” என்றால் முடிந்தது, ஆங்கிலத்தில் நாயே வேண்டாம்.

கேள்வி: சில தொடர்கள் இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கின்றனவே, எப்படி? பன்றி முன் முத்து, குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் கொட்டுவது...

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பன்றியும் முத்தும் பைபிளில், மத்தேயு நூலில் இருப்பவை. மார்ட்டின் லூதர் ஜெர்மனுக்கும் வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்துக்கும் 1520-களில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரு பக்கமும் மக்கள் வாயில் அது தங்கிவிட்டது. விளக்கை மரக்காலுக்கு அடியில் வைப்பதும் அப்படித்தான்.

குழந்தையின் கதை வேறு. அது ஜெர்மன் சரக்கு. 1512-இல் தாமஸ் முர்னர் எழுதிய நையாண்டி நூலில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் அது இல்லாமலே இருந்தார்கள். 1849-இல் தாமஸ் கார்லைல் ஒரு கட்டுரையில் ‘ஜெர்மானியர்கள் இப்படிச் சொல்வார்கள்’ என்று அறிமுகம் செய்துதான் அதைக் கையாண்டார். இன்று அது இரவல் என்று எந்த ஆங்கிலேயருக்கும் தோன்றாது. அதாவது நேர்மொழிபெயர்ப்பு சில சமயம் வேரூன்றும். நாளைக்குக் கொடுக்க வேண்டிய கம்பெனிக் கடிதத்தில் மட்டும் அதை நம்பி இறங்காதீர்கள்.

லூதர் பேச்சு வந்ததால் இன்னொன்று. 1530-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி அவர் ஒரு திறந்த கடிதம் எழுதினார். ‘இதயத்தின் மிகுதியிலிருந்து வாய் பேசுகிறது’ என்று லத்தீனைப் பிடித்துக்கொண்டு எழுதினால் எந்த ஜெர்மானியனுக்குப் புரியும் என்று கேட்கிறார். இதயம் நிறைந்தால் வாய் வழியும் என்பதுதான் அவர் எழுதிய வரி. லத்தீனைக் கேட்காதே, வீட்டுத் தாயை, தெருவில் விளையாடும் குழந்தைகளை, சந்தைக்காரனைக் கேள், அவர்கள் வாயைப் பார் என்கிறார். நம் வேலைக்கு இதைவிட நல்ல குறிப்பை நான் படித்ததில்லை.

கேள்வி: “ஒய்லன் நாஹ் ஆட்டேன் ட்ராகன்”, ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது. இதற்கு “கோல்ஸ் டு நியூகாசில்” சரியா?

பதில்: நம்ம ஊர் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’தான் இது. ஏதென்ஸில் ஆந்தை அதீனா தேவியின் பறவை, அவர்கள் நாணயத்திலேயே ஆந்தை உண்டு. நியூகாசிலோ ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நிலக்கரித் துறைமுகம். பொருள் கச்சிதம். படிப்பவர் பிரிட்டிஷ்காரர் என்றால் தயங்காமல் எழுதுங்கள். அமெரிக்க இளைஞர் என்றால் “தே ஹாவ் பிளென்டி ஆஃப் தோஸ் ஆல்ரெடி” என்று வெறுமனே சொல்வதே நல்லது. மரபுத்தொடருக்கு மரபுத்தொடர்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: பரீட்சைக்குப் போகும் தோழிக்கு “ஹால்ஸ் உண்ட் பைன்ப்ருஹ்” (கழுத்தும் காலும் உடையட்டும்) என்று வாழ்த்தினார்கள். “பிரேக் அ லெக்” தானே?

பதில்: மேடை ஏறுகிறாள் என்றால் ஆம். பரீட்சை என்றால் “குட் லக்”.

கேள்வி: நான் சப்டைட்டில் செய்கிறேன். ஒரு ஜெர்மன் அமைச்சர் பேட்டியில் ‘ஷிட்ஸ்டார்ம்’ என்கிறார். ஆங்கிலச் சொல்தானே, அப்படியே விடலாமா?

பதில்: கூடாது! இணையத்தில் ஒருவர் மேல் கூட்டமாகப் பாயும் வசைமழைக்கு ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லைச் சர்வசாதாரணமாகப் புழங்குகிறார்கள், 2013-இல் டூடன் அகராதியிலும் ஏறிவிட்டது. அதே ஆண்டு, அப்போதைய ஜெர்மன் சான்சலர் அங்கெலா மெர்க்கெல் ‘இணையம் நம் எல்லோருக்கும் புதுநிலம்’ என்று சொல்லிக் கிண்டலுக்கு ஆளானார். 2018 டிசம்பரில் நியூரம்பெர்கில் நடந்த மாநாட்டில் அதை நினைவுகூர்ந்து இதே சொல்லை மேடையில் சொன்னார். ஜெர்மானியர்கள் சிரித்தார்கள், ஆங்கில ஊடகங்கள் வாயைப் பிளந்தன. ஆங்கிலத்தில் அது இன்னும் கெட்ட வார்த்தைதான். அமைச்சர் நாகரிகமாகப் பேசியிருக்கும்போது நீங்கள் அவரை ஏன் திட்ட வைக்க வேண்டும்? “பேக்லாஷ்” போடுங்கள்.

கேள்வி: டீப்எல் போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

பதில்: பிரபலமான தொடர்களை அது நன்றாகவே செய்கிறது, நானும் திறந்து பார்ப்பதுண்டு. தொடரை யாராவது வளைத்து விளையாடினால் கதை மாறும். கண்ணில் தக்காளி வைத்திருப்பது என்றால் எதிரே இருப்பதையே பார்க்காமல் இருப்பது. ‘அவன் கண்ணில் தக்காளி மட்டுமா, முழு சாலடே இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால் அந்த நக்கலைக் காப்பாற்ற மனிதர்தான் உட்கார வேண்டும். ஜெர்மனில் ‘பன்றி இருந்தது’ என்றால் அதிர்ஷ்டம் அடித்தது என்று பொருள். பன்றி வளர்க்கும் விவசாயி ‘எங்களுக்குப் பன்றி இருந்தது’ என்றால் அதிர்ஷ்டமா, நிஜப் பன்றியா என்றும் சுற்றியுள்ள வரிகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஜெர்மன்காரர்கள் பேச்சை முடிக்கும்போது “இஷ் ஹாப ஃபெர்டிஷ்” (நான் பேசி முடித்தாயிற்று) என்கிறார்கள். இலக்கணமே தப்பாயிற்றே?

பதில்: தப்புதான், வேண்டுமென்றே செய்யும் தப்பு. 1998 மார்ச் 10 அன்று பயர்ன் மியூனிக் அணியின் இத்தாலியப் பயிற்சியாளர் ஜொவான்னி ட்ரபட்டோனி, பத்திரிகையாளர் கூட்டத்தில் தன் ஆட்டக்காரர்களை உடைந்த ஜெர்மனில் விளாசிவிட்டு, இந்த வரியோடு எழுந்து போனார். “இஷ் பின் ஃபெர்டிஷ்” என்று ‘பின்’ வந்திருக்க வேண்டிய இடத்தில் ‘ஹாப’. நாடே அதைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்தத் தப்பை உண்டாக்கினால், பேசுகிறவருக்கு மொழி தெரியாது என்று நினைப்பார்கள், அந்த நினைவு அவர்களிடம் இல்லை. நான் “ரைட், தட்ஸ் மீ டன்” என்று போடுவேன். தப்பு போகும், தொனி நிற்கும். ட்ரபட்டோனியைப் பற்றிய கட்டுரை என்றால் மட்டும் “ஐ ஹாவ் ஃபினிஷ்” என்று உடைத்தே எழுதி, ஒரு வரி விளக்கம் சேர்ப்பேன்.

கேள்வி: எந்த அகராதி வாங்கலாம்?

பதில்: டூடன் வரிசையில் 11-ஆம் தொகுதி முழுக்க மரபுத்தொடர்கள்தான். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் இணையத்தில் ரெடன்ஸார்ட்டன் இண்டெக்ஸ் என்ற மரபுத்தொடர் தளம் இருக்கிறது. ஒரு தொடரை இன்றும் யார், எங்கே எழுதுகிறார்கள் என்று பார்க்க டிடபிள்யூடிஎஸ் என்ற ஜெர்மன் இணைய அகராதித் தளத்தின் எடுத்துக்காட்டுகளைப் புரட்டுங்கள். ஆங்கிலப் பக்கத்துக்கு இருமொழி அகராதி போதாது, நல்ல ஒருமொழி அகராதி ஒன்றும் வேண்டும்.