டயர் உரசி வீணான ஃபெண்டர்: தட்டிச் சரிசெய்வதா, கழற்றி மாற்றுவதா?

கேள்வி: என்னுடையது 2019 மாடல் ஸ்விஃப்ட். கம்பெனி 15 அங்குல வீலை எடுத்துவிட்டு 16 அங்குல அலாய் போட்டு, 205/55 டயர் மாட்டினேன். வண்டியைத் திருப்பினால் முன்னால் உரசுகிறது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின்னாலும் உரசுகிறது. முன் ஃபெண்டரின் விளிம்பு வெளியே பிதுங்கிவிட்டது. பின் ஆர்ச்சில் (வீலுக்கு மேல் இருக்கும் வளைவில்) பெயிண்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கிறது. ஒரு கடையில் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் தட்டிப் பட்டி பார்த்துவிடலாம் என்கிறார்கள். எது சரி? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்:

முன்னால் இருப்பதைத் தேவைப்பட்டால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பதை மாற்ற மட்டும் விடாதீர்கள். கோயம்புத்தூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களைப் போல வீலை மாற்றிவிட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். "ரெண்டும் ஃபெண்டர்தானே அண்ணே" என்பார்கள். முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்கும் தகடு, ஸ்பேனர் இருந்தால் கையோடு வந்துவிடும். பின்னால் இருப்பது குவாட்டர் பேனல். அது கதவுச் சட்டத்தில் தொடங்கி டெயில் லேம்ப் வரைக்கும் ஒரே தகடாக ஓடும், பாடியோடு ஸ்பாட் வெல்டில் சேர்ந்தது. அதை மாற்றுவதென்றால் வண்டியை அறுக்க வேண்டும்.

தகட்டில் கை வைப்பதற்கு முன் வீல் கணக்கை முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது பெயிண்டும் அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் போய்விடும். உங்கள் பழைய டயர் 185/65 R15 என்றால் அதன் மொத்த விட்டம் 621 மி.மீ. சொச்சம். 205/55 R16-க்கு 632 மி.மீ. வருகிறது. அதாவது மேல் பக்கம் 5 மி.மீ. கூடுகிறது. இது பெரிய விஷயமில்லை, பக்கவாட்டில்தான் சங்கதி இருக்கிறது. டயர் அகலம் 20 மி.மீ. கூடியதில் வெளிப்பக்கம் 10 மி.மீ. போயாயிற்று. அதற்கு மேல் ஆஃப்செட் இருக்கிறது, அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. இந்த எண் குறைந்தால் வீல் வெளியே வரும். அலாயின் உள்பக்கம் ET என்று பொறித்து ஒரு எண் இருக்கும். பழைய வீலில் 45, புதியதில் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு 10 மி.மீ. வெளியே வந்துவிடும். ஆக டயர் ஒரு விரற்கடை அளவுக்கு ஃபெண்டரை நோக்கி நகர்ந்திருக்கிறது. கடைக்காரர் வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் வளையமும் போட்டுவிட்டிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அலாயை விற்க மனமில்லையென்றால் டயரை 195/55 R16-க்கு மாற்றிப் பாருங்கள். அதன் விட்டம் 621 மி.மீ., கம்பெனி அளவோடு ஒத்துப்போகிறது. ஸ்பீடோமீட்டரும் பழையபடி காட்டும். வெளிப்பக்கம் 5 மி.மீ. இடமும் மிச்சமாகும். அதற்கும் உரசினால் ஆஃப்செட் சரியான வேறு வீலைத்தான் தேட வேண்டும். சஸ்பென்ஷனைத் தூக்குகிறேன், ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் செருகுகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஒரே பக்கம் மட்டும் உரசினால் கதை வேறு. வீல் நாலும் ஒரே அளவு என்னும்போது இடது பக்கம் மட்டும் ஏன் தொட வேண்டும்? ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், அல்லது கீழ்ச் சுற்று உடைந்திருக்கும். குழியில் இறங்கி, வீலைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். எப்போதோ அடிபட்டு ஃபெண்டரே உள்ளே தள்ளியிருக்கவும் கூடும். அதைப் பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு.

எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்கச் சாக்பீஸ் போதும். விளிம்பின் உள்பக்கத்திலும், ஃபெண்டருக்கு உள்ளே டயரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து, ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துவிட்டு வந்து பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் முன்னால் லைனரும் பம்பர் சேரும் மூலையும் அழிந்திருக்கும், பின்னால் ஆர்ச்சின் உச்சி அழிந்திருக்கும். ஸ்விஃப்ட்டின் பின் பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் வீலையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். பாரம் ஏறினால் வீல் உள்ளே சாயாமல் நேராக மேலே வரும், வந்து விளிம்பைத்தான் இடிக்கும். வீல் அலைன்மென்ட்டில் சரிசெய்துவிடலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் சாய்வை மாற்ற அங்கே திருகாணியே கிடையாது.

இப்போது முன் ஃபெண்டர். விளிம்பு மட்டும் பிதுங்கி, வெளிப்பக்க வளைவு அப்படியே இருந்தால் சுத்தியலும், தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையும் வைத்துத் தட்டிச் சரிசெய்துவிடலாம். வளைவின் மேல் கோடு வரைக்கும் நெளிவு ஏறிவிட்டால் தகடு இழுபட்டுவிட்டது என்று அர்த்தம். விரலால் அமுக்கினால் டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். அதைத் தட்டிப் பட்டி பூசி நேராக்குகிற கூலிக்குப் புது ஃபெண்டரே வாங்கிவிடலாம். புதிது கறுப்பு பிரைமரோடு வரும். அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுக்க விடாதீர்கள், துருவைத் தடுப்பதே அதுதான். மேலாக மேட் ஆகும் அளவு தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் போதும். சென்னைக்காரர் என்றால் புதுப்பேட்டையில் உங்கள் கலரிலேயே பழைய ஃபெண்டர் கிடைத்தாலும் கிடைக்கும். வாங்கும்போது ஒரு சின்ன காந்தத்தைத் தகடு முழுக்க ஓட்டுங்கள். பிடிமானம் தளரும் இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது. இண்டிகேட்டர் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வேரியண்ட்டில் இண்டிகேட்டர் ஃபெண்டரில் வரும், சிலவற்றில் சைடு மிர்ரரில் வரும்.

மாட்டி முடித்ததும் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். ஃபெண்டரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முடுக்கியிருந்தால் கதவின் ஓரம் அதில் இடித்து, முதல் நாளே இரண்டிலும் பெயிண்ட் பெயரும். பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்காதீர்கள்.

பின் ஆர்ச்சுக்கு வருகிறேன். அதுதான் உங்கள் வண்டியில் உண்மையான பிரச்சினை. அந்த விளிம்பு வேட்டிக் கரை மடித்துத் தைத்ததுபோல இரண்டு தகடு சேர்ந்தது. வெளித்தகடும் உள்ளே இருக்கும் வீல் ஹவுஸ் தகடும் அங்கே சேர்ந்து, ஸ்பாட் வெல்டும், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்டும் போட்டு மூடியிருக்கும். டயர் உரசும்போது பெயிண்ட் மட்டும் போவதில்லை, அந்த சீலன்ட்டும் கிழிகிறது. மழைத் தண்ணீர் இரண்டு தகட்டுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். நீங்கள் பார்க்கும் துரு வெளியிலிருந்து வந்ததா, உள்ளிருந்து வந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். ஸ்குரூ டிரைவர் முனையால் துருப் பிடித்த இடத்தை அழுத்திக் குத்துங்கள். கணீரென்று நின்றால் பிழைத்தீர்கள். பொறுபொறுவென உதிர்ந்து முனை உள்ளே போனால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டி, ஒட்டுத் தகடு வைத்து சிஓ2 வெல்டிங் செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, சூட்டில் பேனலே அலை அலையாகிவிடும். பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் என்றால் ஆர்ச்சுக்குப் பின்னால் டேங்க் குழாய் போகிறது. அதைக் கழற்றி ஒதுக்காமல் வெல்டிங் வைக்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சில இடங்களில் கிரைண்டரை வைத்து விளிம்பையே சீவிவிடுவார்கள். உரசல் அன்றைக்கே நின்றுவிடும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சேர்த்துப் பிடித்திருந்த வெல்டும் சேர்ந்து போய்விட்டதே! நடுவில் சேறு சேர்ந்து, இரண்டு மழைக்காலம் போனால் ஆர்ச் முழுக்கக் கொப்புளம் போடும். டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் இரும்புக் குழாயைச் செருகி வண்டியை முன்னும் பின்னும் உருட்டி மடக்குகிறவர்களும் உண்டு. அதில் வெளிப்பக்கம் நெளியாமல் வந்த வண்டியை நான் பார்த்ததில்லை. விளிம்பை உள்ளே மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் வீலைக் கழற்றிவிட்டு அது பொருந்தும் ஹப்பில் மாட்டும் ரோலர் இருக்கிறது. ஹீட் கன்னால் பெயிண்ட்டை இளக்கிக்கொண்டு, ஒரேயடியாக அழுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். மடித்த பிறகு விரிசல் விட்ட இடமெல்லாம் புது சீலன்ட் போட வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

துரு மேலாக இருந்தால் வேலை இப்படிப் போக வேண்டும்: பளபள இரும்பு தெரியும் வரை 80-ஆம் நம்பர் தாள், குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர், எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பட்டி, சர்ஃபேசர், பெயிண்ட், கடைசியில் நிறமில்லாத மேல் பூச்சான கிளியர். பட்டி வெளிவளைவில் மட்டும் போகட்டும், விளிம்பின் மேல் வேண்டாம். அங்கே கல் தெறிக்கும், பட்டி சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். மெட்டாலிக் கலர் என்றால் கிளியரை எந்த இடத்தில் முடிக்கப் போகிறீர்கள் என்று பெயிண்டரிடம் கேளுங்கள். பேனல் முடியும் ஓரம் வரை கொண்டுபோகிறேன் என்றால் நல்ல ஆள். பாதியில் நிறுத்துகிறேன் என்றால் நாளடைவில் அங்கே கோடு தெரியும்.

பேனலையே மாற்றச் சொன்ன கடை ஏன் அப்படிச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. அதற்கு டெயில் லேம்ப், பம்பர், உள் டிரிம், பின் சீட்டு எல்லாம் வெளியே வர வேண்டும். கம்பெனி வெல்டைத் துளைத்துப் பிரித்து, புதிதாக வெல்ட் வைக்க வேண்டும். நாளைக்கு விற்கப் போனால் டிக்கியைத் திறந்து பேஸ்டிங்கை, அதாவது தகடு சேரும் இடத்தில் கம்பெனி பூசிய சீலன்ட்டைத் தடவிப் பார்த்தவுடனே "ஆக்சிடென்ட் வண்டி" என்று விலையைக் குறைப்பார்கள். முன் ஃபெண்டர் மாறியதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட தேய்மானம் பாலிசியில் வராது, உரசல் அதில்தான் சேரும். வீலை மாற்றியதைத் தெரிவிக்கவில்லை என்றால், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயருக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் சொன்ன தீர்ப்பும் கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்றுதான் இருக்கின்றன. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் பேசவே இடமில்லை. எப்படியோ கிளெய்ம் பாஸ் ஆனாலும், 5 வயது தாண்டி 10 வயதுக்கு மிகாத வண்டிக்கு இரும்புப் பாகத்தில் 40 சதவீதமும் பெயிண்ட் பொருளில் 50 சதவீதமும் தேய்மானம் என்று கழிப்பார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக 1000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். இத்தனைக்கும் மேலே நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது 50 சதவீதத்தில் நிற்கிறது என்றால் இந்த வேலைக்குக் கிளெய்ம் போடுவது நஷ்டம்தான்.