நடைவழியை மறித்துக் கதவு வைக்கலாமா?

கேள்வி: சென்னையில் 1996இல் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. மூன்று தளங்கள், ஆறு வீடுகள். மேல்தளத்தின் ஒரு வீட்டில் நாங்கள் இருக்கிறோம். எதிர்வீட்டையும் போன வருடம் மகளுக்காக வாங்கிவிட்டோம். நடுச்சுவரை உடைத்து வழி வைத்து, இரு வாசல்களுக்கும் முன்னால் உள்ள நடைவழியை மறித்து ஒரே கதவு போட நினைக்கிறோம். அங்கே எங்களைத் தவிர யாரும் வருவதில்லை. சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் "செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். முதல் தளத்து வீட்டின் உரிமையாளர் அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சலில் ஆட்சேபிக்கிறார். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். ஆட்சேபிப்பவரால் வேலையைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். கொத்தனாரிடம் சுவர் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். நடைவழியில் கை வைக்க வேண்டாம்.

உங்கள் கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நிலத்தில் இத்தனை சதுர அடி 'பிரிபடாத பங்கு' என்று இருக்கும். இரண்டு வீடு வாங்கியதால் அந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிர, உங்கள் வாசலுக்கு முன்னால் உள்ள இடம் தனியே பிரிந்து உங்களிடம் வந்துவிடவில்லை. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, நடைவழி, மாடிப்படி, அஸ்திவாரம், உத்தரம் ஆகியவற்றைப் பொதுவில்தான் வைத்திருக்கின்றன. நீங்கள் மட்டுமே நடப்பதால் அது உங்களுடையதாகிவிடாது.

உண்மையில் நீங்கள் மட்டும்தான் நடக்கிறீர்களா? நீங்கள் அனுப்பிய வரைபடத்தில், புதுக் கதவுக்கு உட்புறம் ஒரு மூலையில் மொட்டைமாடிக்கு ஏறும் படி தெரிகிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வருபவர் இனி உங்கள் அழைப்பு மணியை அடிக்க வேண்டும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் தொட்டி வழிந்தால்? அமெரிக்காவில் இருப்பவரின் வக்கீல் நீதிமன்றத்தில் முதலில் காட்டப்போவது இந்தப் படியைத்தான். 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டப்படி வேலையை நிறுத்தத் தடையாணை கேட்கலாம். கட்டி முடித்திருந்தால் இடித்து அகற்றும்படி செயலுறுத்துக் கட்டளையும் கேட்கலாம். அனுமதி பெற்ற வரைபடத்தை மீறிய கட்டுமானம் என்று புகார் போனால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வரும்.

செயலாளரின் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். ஆறு பேர் சொத்தைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. பொதுக்குழுவில் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும், மறுத்தவரின் பங்கு அவரிடமே இருக்கும். மற்ற நான்கு வீட்டு உரிமையாளர்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரில் இருந்தால் இரண்டு கையெழுத்து. அப்போதுகூடப் படியை அடைத்துக் கதவு போடச் சொல்ல எனக்கு மனம் வராது. தீப்பிடித்தால் மேலே ஓட இருக்கும் வழி அது ஒன்றுதான்.

நடுச்சுவர் விஷயம் வேறு. இருபுறமும் உங்கள் வீடுதான். ஆனால் 1996இல் கட்டியது என்பதால், தூண்களுக்கிடையே எழுப்பிய வெறும் தடுப்பா, மேல்கூரையைத் தாங்கும் ஒன்பது அங்குலச் சுவரா என்று பார்த்தாக வேண்டும். தாங்கும் சுவர் என்றால் அதுவும் ஆறு வீட்டுக்கும் பொது. கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து, எவ்வளவு அகலம் திறக்கலாம், மேலே என்ன தாங்குவிட்டம் வேண்டும் என்று எழுதித் தரட்டும். அதைச் சங்கத்துக்குக் கொடுத்து, பதில் கடிதம் வாங்கிக்கொண்டு உடையுங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் தெரிவியுங்கள். இரண்டு வீடும் ஒன்றானபின், இரண்டு மின் இணைப்புக்கும் தனித்தனியே 100 யூனிட் இலவசம் எப்படி என்று மின்வாரியம் கேட்கலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவருக்கு இன்றே நீங்களே பதில் எழுதுங்கள். நடைவழித் திட்டத்தைக் கைவிட்டதாகச் சொல்லி, சுவர் வேலையின் வரைபடத்தை மட்டும் இணைத்து அனுப்புங்கள். பொறியாளரின் கடிதம் கைக்கு வரும்வரை கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.