சம்பளமும் சன்மானமும் – கடிதம்

வணக்கம் சார்,

எனக்குப் பாலக்கோடு பக்கம். வயது 28. ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் ஷிஃப்ட் வேலை, கையில் 19,000 வருகிறது. இரண்டு வருடமாகக் கட்டுரை எழுதுகிறேன். நான்கு வெளிவந்தன, இரண்டுக்குத்தான் பணம் வந்தது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளன் ஆகலாம் என்றிருக்கிறேன். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளைப் பற்றிப் புத்தகம் எழுத ஆசை. இதில் பிழைக்க முடியுமா? சென்னைக்குப் போயே ஆகவேண்டுமா? அம்மா கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார், அதனால் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொன்னால் நல்லது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

அம்மாவைப் பெண் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை விடாதீர்கள். மற்றதைப் பேசுவோம்.

2001-ல் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியைக் கத்தரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்கில் பில் அனுப்ப வேண்டும். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபேக்ஸ் கடைக்குக் கொடுத்தது அந்தப் பில்லைவிட அதிகமான மாதங்களும் உண்டு. எட்டு வருடம் கழித்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, கட்டுரைப் பணத்தை மட்டும் வைத்து ஒரு வருடம்கூட ஓட்டியதில்லை. மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்களுக்கு ஆண்டறிக்கை, ஆவணப்படக்காரர்களுக்கு ஊர் காட்டுவது என்று என்னென்னவோ செய்திருக்கிறேன். என் மனைவி ஆசிரியை. முதல் தேதி அந்தச் சம்பளம் வந்துவிடுவதால்தான் நான் சுதந்திரப் பத்திரிகையாளன்.

புத்தகக் கணக்கு இன்னும் சுலபம். 250 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீத ராயல்டி, ஆயிரம் பிரதியும் விற்றால் 25,000. என் இரண்டாவது புத்தகத்துக்கு நான்கு வருடம் ஆனது. வகுத்துப் பார்த்துவிடாதீர்கள், நான் பார்த்து ஒரு வாரம் எழுதவில்லை.

சரி, சென்னைக்கு வருவோம். போகவேண்டாம். காரணத்தை ஒரு தேதியில் சொல்கிறேன். வாச்சாத்தி உங்களுக்குத் தெரியும், அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரம். சந்தன மரம் தேடுகிறோம் என்று அதிகாரிகள் கும்பலாக ஊருக்குள் புகுந்து, மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்தது 1992 ஜூன் 20. தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றார்கள். அந்தத் தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்ததும் அதே செப்டம்பர் 29, ஆனால் 2023. ஊர் இழந்தது ஒரே நாளில், வழக்கு ஓடியது 31 வருடம். இத்தனை காலத்தில் தருமபுரிக்கு எத்தனை நிருபர்கள் மாற்றலாகி வந்து, மாற்றலாகிப் போயிருப்பார்கள்! நம்மை மாற்ற யாரும் கிடையாது. ஃப்ரீலான்ஸில் எனக்குத் தெரிந்த ஒரே வசதி இதுதான், அதே ஊருக்குத் திரும்பப் போகலாம்.

திரும்பப் போகாமல் நான் செய்த ஒரு தப்பையும் கேளுங்கள். 2004-ல் பென்னாகரம் பக்கம் ஒரு ஊருக்கு ஃபுளோரைடு தண்ணீரைப் பற்றி எழுதப் போனேன். ஒரு பையனைச் சிரிக்கச் சொல்லி, காவிக்கோடு விழுந்த பல்லைப் படம் எடுத்தேன். படம் பெரிதாக வந்தது, எனக்கு ஏகப் பெருமை. அந்த வீட்டுத் திண்ணையில் அவன் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவரைப் படம் எடுக்கவில்லை, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது பாட்டி சொன்னார், "அன்னைக்கிப் பேப்பர்ல வந்ததிலிருந்து அவன் வாயைத் தொறந்து சிரிக்கிறதில்ல சாமி." தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோதுதான் பாட்டியின் பல்லைக் கவனித்தேன். வெற்றிலைக் கறை இருந்தது, ஆனால் அந்தக் கோடு இல்லை. வெளியூரிலிருந்து கட்டிக்கொடுத்து வந்தீர்களா என்று கேட்டேன். இல்லை, பிறந்ததே இரண்டு தெரு தள்ளித்தான். சின்ன வயதில் குடித்தது திறந்த கிணற்றுத் தண்ணீர். ஃபுளோரைடு அதிகமுள்ள ஆழத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் போர்வெல் போட்டது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். எனாமல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் கோடு போடும். பாட்டி தப்பித்தார், பேரன் மாட்டினான். கிணறு வற்ற வற்றப் போரை ஆழமாக இறக்கிக்கொண்டே போன கதை மொத்தமும் அந்த ஒரு திண்ணையில் இருந்தது. நான் பையனின் வாயை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். என் முதல் புத்தகம் அந்த இரண்டாவது பயணத்தில்தான் ஆரம்பித்தது. எந்த போர், எந்த வருடம், எத்தனை அடி என்று ஊர் ஊராகக் கேட்டேன். வாய்வார்த்தையாகக் கிடைக்காததை மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பாதிக்கு மேல் மேல்முறையீட்டில்தான் வந்தது. அந்தப் பையனை அதன்பிறகு நான் எழுதவில்லை.

மாங்கூழ் நல்ல விஷயம். உங்களிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பிரிக்ஸ், அதாவது கூழின் சர்க்கரை அளவு, எவ்வளவு, எந்த லாட்டை ஏன் கழித்தார்கள் என்று ஆலைக்காரர் பேசினால் எனக்குத் தலை சுற்றும், குவாலிட்டியில் வேலை பார்க்கும் உங்களுக்குச் சுற்றாது. அந்த வேலையை விட்டுவிட்டு எழுத வருகிறேன் என்கிறீர்களே! லீவுக்கு ஊருக்கு வரும்போது ராயக்கோட்டை வழியாக வராமல் கிருஷ்ணகிரி சுற்றி வாருங்கள். மே மாதம் பெங்களூரா மாம்பழம் வர ஆரம்பித்ததும் மண்டியில் ஒரு விவசாயி, ஒரு லாரி டிரைவர், ஆலையில் பழம் கழுவும் ஒரு அம்மா, இந்த மூன்று பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த மேயிலும் அதே மூன்று பேர். விலை விழுந்து தோட்டத்திலேயே பழத்தை விட்டுவிடுகிற வருடமும் ஒன்று வரும், அன்று அந்த விவசாயி உங்களிடம் பேசுவது வேறு மாதிரி இருக்கும். அத்தனை கொட்டையும் எங்கே போகிறது என்று ஒரு நாள் லாரிக்குப் பின்னாலேயே போய்ப் பாருங்கள். இதை நான் செய்யவேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் என்று வந்தால் ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்காதீர்கள். பதிப்பகத்துக்கு உரிமை கொடுப்பது எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை ஐந்து வருடத்துக்குத்தான். இது தெரியாமல் ஒரு பதிப்பகம் நீட்டிய தாளில் "நிரந்தரமாக" என்ற சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவும் அவர்களுடையதுதான்.

அப்புறம், பணம் வராத அந்த இரண்டு கட்டுரை. இன்றைக்கே பில் அனுப்புங்கள். வெளிவந்த தேதி, பக்கம், பான் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கட்டும். பதினைந்து நாள் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். ஆசிரியருக்கு வேண்டாம், கணக்குப் பிரிவுக்கு. கேட்க வெட்கப்பட்டு நான் விட்ட பணத்தைச் சேர்த்திருந்தால் உங்கள் ஓசூரில் செய்த டிவிஎஸ் வண்டி ஒன்று வாங்கியிருப்பேன்.