தாத்தாவின் நடத்தையைக் ‘கொடுங்கோன்மை’ எனலாமா?

வீட்டில் அனைவரையும் தம் சொற்படியே நடக்கவைக்கும் தாத்தா ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கும் வாசகர், அவருடைய நடத்தையைக் ‘கொடுங்கோன்மை’ என்று குறித்திருக்கிறார். அது மன்னர்களுக்கே உரிய சொல், ‘அடாவடி’ என்று மாற்றுங்கள் என நண்பர்கள் சொல்வதால், எதை வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். கொடுமை என்பதற்கு வளைவு என்ற பொருளும் உண்டு. வில்லைக் ‘கொடுமரம்’ என்பது அதனால்தான். ஆளும் அதிகாரத்தின் அடையாளமாக, நேராக இருக்க வேண்டிய கோல் வளைந்துபோவதே கொடுங்கோல். அதன் தன்மை கொடுங்கோன்மை. (‘கோண்மை’ என்று எழுதுவது பிழை, கோல் என்பதன் லகரமே இங்கு னகரமாகத் திரிந்தது.) ஆகவே, முறைப்படி வந்த அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால்தான் இச்சொல் பொருந்தும். அடாவடிக்கு அந்த உரிமை தேவையில்லை. தெருவில் வழிமறிப்பவனும் அதைச் செய்வான்.

இந்த வேறுபாட்டைத் திருக்குறளின் 56ஆம் அதிகாரமான கொடுங்கோன்மையில் உள்ள 552ஆம் குறளைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை: ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் / கோலொடு நின்றான் இரவு.’ வழிப்பறிக்காரன் ‘கொடு’ என்று மிரட்டுகிறான், அரசனோ இரக்கிறான், அதாவது வேண்டிக் கேட்கிறான். ஆனாலும் அவன் கையில் கோல் இருப்பதால் மறுக்க வழியில்லை, அந்த இரத்தலே மிரட்டலாகிவிடுகிறது. உங்கள் தாத்தா குரலை உயர்த்தாமல், ‘உன் விருப்பம்தான், ஆனால் நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்’ என்று பேசுபவராக இருந்தால், அவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கடுமொழியும் அச்சுறுத்தலுமே அவருடைய இயல்பென்றால், அதற்கு வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்று அடுத்த அதிகாரத்தையே தனியாக ஒதுக்கியிருக்கிறார். அங்கே ‘மிரட்டல்’, ‘அதட்டல்’ போன்ற சொற்களே போதும்.

பிறவியிலேயே தீயவராக அவரைக் காட்டவும் தேவையில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஆராயாமல் கொடுத்த ஒரே தீர்ப்பில் கோல் வளைந்தது. ‘வல்வினை வளைத்த கோலை’ அவன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தியதாக இளங்கோவடிகள் பாடுகிறார்.

கதைசொல்லியின் கூற்றில் இச்சொல்லை ஒருமுறை மட்டும் வையுங்கள். உரையாடலில் வேண்டாம், பேத்தியின் வாயில் அது ஒட்டாது. ‘இந்த வீட்ல தாத்தா வச்சதுதான் சட்டம்’ என்றே அவள் சொல்வாள்.