மூட்டை கட்டியாயிற்று, பிறகு?

கேள்வி: ஐயா, நாங்கள் பதினைந்து இருபது பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு கடற்கரையைத் துப்புரவாக்குகிறோம். எங்கள் உள்ளூராட்சிச் சபையும் மாதந்தோறும் செய்திக் குறிப்பு வெளியிடுகிறது. 'கரையோரத் துப்புரவு வெற்றிகரமாக நிறைவு', 'கண்டல் நடுகை', 'நடைபாதை வேலை 80 சதவீதம் பூர்த்தி' என்றெல்லாம் வரும். எங்கள் படமும் வரும். அடுத்த மாதம் போனால் அதே இடத்தில் அதே குப்பை. கேட்டால், 'செய்கிறவர்களையும் குறை சொல்கிறீர்களா?' என்கிறார்கள். நாங்கள் கேட்பது பிழையா?
வாசகர், திருகோணமலை

பதில்: பிழை இல்லை, தம்பி. பிந்திக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

எந்தச் சபை என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரை நான் எடுத்துவிட்டேன். போட்டால் ஒரு சபைக்குத்தான் கோபம் வரும். போடாவிட்டால் மாவட்டத்தில் உள்ள எல்லாச் சபையும் 'நம்மைத்தான் சொல்கிறான்' என்று நினைக்கும். எனக்கு அதுதான் வேண்டும்.

நீங்கள் இணைத்து அனுப்பிய நாலு குறிப்புகளையும் வாசித்தேன். முதல் பந்தியில் யார் தலைமை, யார் பிரதம அதிதி, யார் யார் கலந்துகொண்டு சிறப்பித்தார்கள். இரண்டாவது பந்தி முழுக்க நன்றி. எத்தனை மூட்டை சேர்ந்தது, எந்த வண்டி ஏற்றியது, எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்று ஒரு வரி கிடையாது. கலியாண வீட்டைப் பற்றி எழுதிவிட்டு மாப்பிள்ளை பெயரை விட்ட மாதிரி. நடைபாதைக் கதை இன்னும் விசேஷம். நாலில் மூன்று குறிப்பில் அதே 80 சதவீதம். மிச்ச 20 எந்த ஊரில் நிற்கிறதோ!

போன மாரிக்கு முன்னம் இப்படி ஒரு சிரமதானத்துக்கு நானும் போனேன். காலை ஏழு மணிக்கே நல்ல சனம். யூரியா உரப்பைகளும் சணலும் கொடுத்தார்கள். சொப்பிங் பை, மென்பானப் போத்தல், யோகட் கப், அறுந்த நைலோன் வலை, பிறகு செருப்பு. கரை ஒதுங்கும் செருப்பு ஏனோ எப்போதும் ஒற்றையாகத்தான் ஒதுங்குகிறது. பத்து மணிக்கு 31 மூட்டை, நானே எண்ணினேன். படம் எடுத்தார்கள். பிறகு தேநீர், பிளாஸ்டிக் தட்டில் கட்லட். 2023 ஒக்டோபர் முதலே இந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட தட்டு அது! அந்தத் தட்டுகளைக் கட்ட 32 ஆவது மூட்டை தேவைப்பட்டது. பதினொரு மணிக்குக் கரையில் ஒரு குருவி இல்லை. மூட்டைகள் தாழம் புதரடியில் வரிசையாக இருந்தன. 'நாளைக்கு மெசின் வரும்' என்றார்கள்.

செவ்வாய் பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஒரு மாடு உரப்பைக்குள் கழுத்துவரை தலையை விட்டுக்கொண்டு நின்றது. நாய் கிழித்தது பாதி, காகம் இழுத்தது மீதி. முழுதாக இருந்தவை 11 மூட்டை. அந்தப் பக்கம் உழவு இயந்திரத்தில் குப்பை ஏற்றும் சாரதியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல ஐயா. பேப்பரில பாத்துத்தான் தெரியும்" என்றார்.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. செய்தி எழுதுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். படம் எடுக்கிறவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். குப்பை ஏற்றுகிறவருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். கிழிந்த மூட்டையில் இருந்து பறந்தது கடலுக்குப் போகும், வடிகானுக்குப் போகும், இல்லாவிட்டால் நம் ஊர்ப் புள்ளிமானின் வயிற்றுக்குப் போகும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான் சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்காத திருகோணமலையார் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கண்டல், அதாவது கரையோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம், அதன் நடுகைக்கும் இதே கதைதான், கணக்கு மட்டும் பெரிது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். அதில் 23 இடங்களைப் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று 2017 இல் வந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தப்பியது 200, 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. கண்டல் எல்லாச் சேற்றிலும் வராது. வற்றும்போது எவ்வளவு நேரம் வெளியே நிற்கும், பெருக்கில் எவ்வளவு நேரம் முங்கிக் கிடக்கும், உப்பு எவ்வளவு, எந்த இனம், எல்லாம் பார்க்க வேண்டும். நட்ட பிறகு மாடு மேயாமலும் பாசி சுற்றாமலும் யாராவது போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் படகு போகிற தூரம் பார்த்து, கமரா நிற்கிற இடம் பார்த்து நடுகிறோம். கொட்டியாரக் குடாவிலும் தம்பலகாமக் குடாவிலும் தானாக நிற்கிற கண்டலுக்கு யாரும் பிரதம அதிதியாக வந்ததில்லை. 'இத்தனை ஆயிரம் கன்று நடப்பட்டது' என்று இனிமேல் குறிப்பு வந்தால், போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் 'குறை சொல்கிறீர்களா' என்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடதாசியில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அவர் உங்களைக் கேட்க முடியாது. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் சபையிலேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள். நடைபாதை அமைச்சொன்றின் திட்டமாக இருந்து, உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே விவரத்தைச் சனத்துக்குத் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு அது. மதிப்பீடு எவ்வளவு, கொந்தராத்து யாருக்கு, முடிகிற திகதி எது, மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

'உறுப்பினர் இல்லை, செயலாளர்தான் பார்க்கிறார்' என்று முன்பு ஒரு சாட்டு இருந்தது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 வரை தேர்தலே இல்லை. இப்போது உங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். வாக்குக் கேட்டு வந்தபோது வீட்டு இலக்கம் வரை தெரிந்திருந்தது அல்லவா, கூப்பிடுங்கள்.

இனி உங்களுக்கும் ஒரு கேள்வி. கோபிக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய 12 படங்களில் 9 இல் நீங்கள் நிற்கிறீர்கள், 3 இல் குப்பை இருக்கிறது. மாதந்தோறும் அதே இடத்தில் அதே குப்பை என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது வடிகான் வழியே மேலே நடந்து பார்த்தீர்களா? வாடைக்குக் கடல் கொண்டுவந்து போடுவது வேறு. வருடம் முழுக்க வந்தால் அது மேலேயிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையோ, ஒரு விடுதியோ, தொட்டி இல்லாத ஒரு சந்தியோ இருக்கும். கரையில் மூன்று மணித்தியாலம் குனிவதற்குப் பதில் அங்கே அரை மணித்தியாலம் நின்று கதைத்தால் பலன் அதிகம். என்ன, படம் நன்றாக வராது.

அடுத்த ஞாயிறுக்கு முன் வெள்ளிக்கிழமையே அந்த உழவு இயந்திரச் சாரதியிடம் போய்ச் சொல்லுங்கள். தட்டுக்குப் பதில் வாழையிலை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு தராசும் வேண்டும். மூட்டை எத்தனை, எத்தனை கிலோ, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி அனுப்புங்கள். வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். சபையின் அடுத்த செய்திக் குறிப்பையும் உங்கள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.