ஆரைக்கீரையின் இலைகள் மிதப்பது நோயா?

தொட்டியில் நட்ட ஆரைக்கீரை எழுந்து நிற்காமல் நீரின்மேல் படர்ந்து கிடக்கிறது, இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நோயன்று. உங்கள் தொட்டியில் ஒரு சாணுக்கு மேல் நீர் நிற்கிறது என்று எண்ணுகிறேன். ஆழம் மிகுந்தால் இச்செடி காம்பை நீட்டி இலையை மிதக்க விடும். ஆழம் குறைந்தால் காம்பு தடித்து, நான்கு சிற்றிலைகளையும் நீருக்கு மேலே நிமிர்த்தும். கீரையாகப் பறிக்க ஏற்றவை இவ்வாறு நிமிர்ந்து நிற்பவையே.

இதை என் உறவினர் ஒருவர் ஏற்கவில்லை. அவை இரண்டும் வெவ்வேறு செடிகள் என்று உறுதியாக வாதிட்டார். ஆகவே அவர் கண்ணெதிரிலேயே சேற்றில் ஊர்ந்து படரும் தண்டு ஒன்றை இரண்டாக நறுக்கி, ஒரு துண்டை ஆழமான தொட்டியிலும், மற்றதைக் களிமண் பரப்பி இரண்டு விரற்கடை நீர் மட்டும் விட்ட அகன்ற தொட்டியிலும் நட்டேன். ஆழத்தில் இருந்தது உங்களுடையதைப் போலவே மிதந்தது. மற்றதோ கணுவுக்குக் கணு வேர் விட்டு, மண் தெரியாதபடி நிமிர்ந்து அடர்ந்தது. அதன் பிறகு அவரே ஆழத் தொட்டியின் நீரை இறைத்துக் குறைத்தார். பழைய இலைகள் மாறவில்லை, புதிதாக வந்தவை நிமிர்ந்தே வந்தன. நீங்களும் நீரைக் குறைத்துவிட்டுப் புதுத் தளிர்களுக்குக் காத்திருங்கள்; நல்ல வெயில் மட்டும் வேண்டும்.

ஆழத்தில் வளராது என்று நான் சொல்லவில்லை. வளரும், ஆனால் அறுவடை கிடைக்காது.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே உறவினருக்கு ஒரு வியாபாரி ‘ஆரைக்கீரை விதை’ என்று ஒரு பொட்டலத்தை விற்றிருந்தார். முளைத்து வந்தது மூன்று சிற்றிலைகள் கொண்ட புளியாரை. ஆரை பெரணி வகையைச் சேர்ந்தது. அது பூப்பதுமில்லை, விதை தருவதுமில்லை. நீர் வற்றும் காலத்தில் காம்படியில் கடினமான பழுப்பு நிறக் காய்கள் தோன்றுமே என்று தாவரவியல் அறிந்தவர்கள் மறுக்கலாம். அவற்றுள் இருப்பவை விதைகளல்ல, நுண்ணிய வித்துத்தூள்கள்; ஓட்டைச் சுரண்டி நீரிலிட்டால் கூழ் போன்ற இழையொன்று வெளிப்பட்டு அவற்றை வெளியேற்றும். அவ்வழியிலும் வளர்க்கலாம், எனினும் வீட்டில் தண்டை நறுக்கி நடுவதே எளிது.

சாக்கடை கலக்கும் நீரில் வளர்ந்ததைப் பறிக்காதீர்கள். பச்சையாகவும் உண்ணாதீர்கள்: இந்த இனத்துப் பெரணிகளில் வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு, நன்கு வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.