மோகினிக்கு எதற்கு வெள்ளைச் சேலை?

வணக்கம்ங்க அக்கா,

நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம், நண்பர்கள் ஆறு பேர். நம்மூர்க் கதைகளில் வரும் பேய்களை வேடம் கட்டிப் படமெடுத்து ஒரு தொடராகப் போடலாம் என்று ஆரம்பித்திருக்கிறோம். மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு, காட்டேரி, முனி என்று நான்கு. முதலில் மோகினியை எடுத்தோம். வெள்ளைச் சேலை, விரித்த தலை, உதட்டோரம் ரத்தம், ராத்திரி பத்து மணி, தென்னந்தோப்பு. ஃபிளாஷ் கேமரா தலையிலேயே இருந்தது. கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த மாதிரி வந்திருக்கிறது, பயமே இல்லை. சேலை வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. புது லென்ஸ் வாங்கலாமா? கண்ணுக்கு வெள்ளைக் கான்டாக்ட் லென்ஸ் போடலாமா? கொள்ளிவாய்க்கு வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊதலாம் என்கிறான் ஒருத்தன். முனியை எங்கள் ஊர் முனியப்பன் கோயில் முன்னாலேயே எடுக்க ஆசை. வழி சொல்லுங்க.

ப.

*

அன்புள்ள ப.,

மண்ணெண்ணெயை முதலில் முடித்துவிடுகிறேன். அதை வாயில் வைக்கிற பேச்சே இருக்கக் கூடாது. எளிதில் பரவி ஓடுகிற எண்ணெய் அது. ஒரு இருமல், ஒரு விக்கல் போதும், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் நிமோனியா, ஆஸ்பத்திரி. உயிரும் போகலாம். அந்த யோசனையைச் சொன்ன பையனிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு கண்ணு. வாய்க்குள் பட்டன் பேட்டரி விளக்கு வைக்கலாமே என்று அடுத்ததாகக் கிளம்பாதீர்கள். விழுங்கினால் அதுவும் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கண் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்காத கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். ஒன்றை வாங்கி ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டால் கருவிழியில் புண் வரும். முனியப்பனைத் தொடரிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பேய் அல்ல, ஊர்க் காவல் தெய்வம். அவ்வளவுதான், அதில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வெள்ளைச் சேலை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொங்கு நாட்டில் வெள்ளைச் சேலை யாருடைய உடுப்பு? கணவனை இழந்தவளுடையது. இருபது வயதில் இழந்தாலும் அறுபதில் இழந்தாலும் அதே வெள்ளை. பூ கிடையாது, பொட்டு கிடையாது, சீர் நடக்கிற பந்தலில் முன்னால் வந்து நிற்க இடம் கிடையாது. காடு கழனி பார்த்து, எருமை கறந்து, பேரன் பேத்திகளைத் தூக்கி வளர்த்த எத்தனையோ அப்பத்தாக்களும் அம்மிச்சிகளும் மிச்ச ஆயுள் முழுக்க அந்தத் துணியில்தான் இருந்தார்கள். உங்கள் ஊர்த் திண்ணையில் இன்றைக்கும் ஒருவராவது இருப்பார். அவர் உடுப்பை எடுத்து, உதட்டில் ரத்தம் தடவி, இதைப் பார்த்துப் பயப்படு என்கிறீர்கள். அந்தப் படம் அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஆறு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? சினிமாவில் அப்படித்தானே வருகிறது என்பீர்கள். சினிமா செய்த தப்பை நீங்களும் ஏன் செய்ய வேண்டும்? நம்மூர்ப் பேய் என்று தலைப்பு வைத்துக்கொண்டு நம்மூர்க் கதையையே நீங்கள் கேட்கவில்லை.

கதை என்ன சொல்கிறது? ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவனை மோகினி வழிமறிப்பாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையில் கொடுக்காதே, இரும்பு நுனியில் வைத்து நீட்டு என்பார்கள் பெரியவர்கள். அவள் வருவதற்கு முன்னால் மல்லிகை மணக்கும். ஆசை தீராமல் போய்ச் சேர்ந்தவள், வாழ வேண்டிய வயதில் செத்தவள் அவள். பூ வைத்துக்கொண்டு வருகிறவள் எப்படி வெள்ளைச் சேலைக்காரி ஆவாள்? அவளுக்கு நிறம் வேண்டும். கட்டிப் பார்க்காமலே போன நல்ல சேலை ஒன்று வேண்டும்.

படக்கணக்கும் இதையேதான் சொல்கிறது. நம் தோலைவிட வெள்ளைத் துணி ஏறக்குறைய இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூடுதலாக ஒளியைத் திருப்பும். முகத்துக்கு அளவு வைத்தால் சேலை வெளுத்து மடிப்பெல்லாம் போய்விடும், சேலைக்கு வைத்தால் முகம் கரிந்துபோகும். கேமரா மேலிருக்கும் ஃபிளாஷ் எல்லாவற்றையும் நேருக்கு நேர் அடித்து இருக்கிற நிழலையும் துடைத்துவிடும். உங்கள் வெள்ளைத் திட்டு அப்படி வந்ததுதான், லென்ஸ் மேல் பழி இல்லை.

அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலை எடுங்கள். பாலியஸ்டரும் பட்டும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் மினுக்கும். அரக்கு ஏன் என்றால், சிவப்பு நீல ஒளியைத் திருப்பாது. நீல ஒளி விழுகிற பக்கம் சேலை கறுப்பாகிவிடும், மஞ்சள் விளக்கு விழுகிற பக்கம் சிவப்பாக எரியும். ஒரே சேலை பாதி இருட்டோடு கரைந்து பாதி உயிரோடு நிற்கும். வெள்ளையில் இது வராது. உதட்டில் ரத்தம் வேண்டாம், வெற்றிலைச் சிவப்பு போதும். நிஜமாகவே வெற்றிலை போடச் சொல்லுங்கள். முகத்துக்குத் தேங்காயெண்ணெயும் பவுடரும் பூசாதீர்கள். வியர்த்ததும் திட்டுத் திட்டாகிப் பளபளக்கும். அவரவர் நிறத்திலேயே விட்டு, கண்குழியில் மட்டும் பழுப்பைக் கொஞ்சம் இழுத்தால் போதும். மல்லிகை நாலு முழம், கடைசியாக வைக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் வாடிவிடும்.

தென்னந்தோப்பை விடுங்கள், இட்டேறிக்குப் போங்கள். தோட்டங்களுக்கு நடுவே போகிற வண்டித் தடம்தான் இட்டேறி, இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலி இருக்கிறதாகப் பாருங்கள். கோடையில் இலை உதிர்ந்து முள்ளும் குச்சியுமாக நிற்கும், கண்ணை நேராக அவளிடம் கொண்டுபோய்விடும். பத்து மணி வேண்டவே வேண்டாம். மசங்கல் நேரம்தான் உங்கள் நேரம். நம் பக்கம் பொழுது விழுந்து இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் வெளிச்சம் தீர்ந்துவிடும். நல்ல நேரம் அதில் கடைசிப் பத்து நிமிடம். ஸ்டாண்டு, விளக்கு, ஆள் நிற்கிற இடம் எல்லாம் சூரியன் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

கேமராவை ட்ரைபாடில், வண்டிக்காரன் கண் உயரத்தில் வையுங்கள். படம் அவன் பார்க்கிற பார்வையாக இருக்கட்டும். முன்னால் மங்கலாக அவன் கை, கையில் இரும்புத் துண்டு, நுனியில் சுண்ணாம்பு. எதிரே நீட்டிய அவள் கை. கேமராவில் நிறச் சமனை, அதாவது ஒயிட் பேலன்ஸை, 3200 கெல்வினில் பூட்டுங்கள், வானம் தானாக நீலமாகும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/15 நொடி என்று தொடங்குங்கள். வானம் கேமராவின் ஒளிமீட்டர் சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் இருண்டு தெரிய வேண்டும். வெளிச்சம் இறங்க இறங்க ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றுங்கள். அவள் மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும், இல்லையென்றால் முகம் கலங்கும்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒளி ஊடுருவும் நீலத் தாள் ஒட்டி, அவளுக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி வேலிக்குள் ஒளித்து வையுங்கள். முழுப் பலத்தில் 1/16 போதும். முடியோரத்திலும் தோளோரத்திலும் ஒரு கோடு விழுந்தால் சரி. முன்பக்கம் லாந்தர். திரியை எடுத்துவிட்டு உள்ளே 2700 கெல்வின் எல்இடி குமிழ் ஒன்றும், கண்ணாடிக்குள் ஒரு சுற்று பட்டர் பேப்பரும் வையுங்கள். பேப்பர் இல்லையென்றால் படத்தில் குமிழ் வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். விளக்குச் சுடர்போல் தெரிய மெல்லிய ஆரஞ்சுத் தாள் ஒன்றும் சேர்க்கலாம். லாந்தரை வண்டிக்காரன் இடது கையில், இடுப்பு உயரத்தில் பிடிக்கட்டும். அவள் மோவாய்க்கு நேர் கீழே கொண்டுபோனால் டார்ச் பிடித்துப் பயமுறுத்துகிற பிள்ளை விளையாட்டாகிவிடும்.

பேய்க்குக் கால் பாவாது என்பார்கள். அதற்கு அரையடி உயர ஸ்டூலில் நிற்க வைத்து ஒரு படம், கேமராவை அசைக்காமல் ஆளும் ஸ்டூலும் இல்லாமல் உடனே ஒரு படம், பிறகு கணினியில் ஸ்டூலை மட்டும் அழியுங்கள். சேலை விளிம்பு ஸ்டூல் மேல் மடிந்து கிடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், சுற்றிலும் தொங்க வேண்டும். ஆனி, ஆடியில் எடுப்பதாக இருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஸ்டாண்டைத் தள்ளிவிடும். பையில் ஐந்து கிலோ மணல் கட்டித் தொங்கவிடுங்கள்.

கொள்ளிவாய்க்கு நெருப்பே தேவையில்லை. முழு இருட்டில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் பத்து நொடி. திறந்ததும் உடம்புக்கு ஒரே ஒரு ஃபிளாஷ். அப்புறம் கறுப்பு உடுத்திய இன்னொருவர் ஆரஞ்சுத் தாள் சுற்றிய சிறு எல்இடியைக் கேமராவைப் பார்க்கப் பிடித்து, வாய்க்கு முன்னிருந்து நெளித்து நெளித்து வெளியே இழுக்க வேண்டும், இரண்டு நொடி. இடத்துக்குக் கொண்டுபோன பிறகே விளக்கைப் போட வேண்டும், இழுத்து முடிந்த உடனே அணைக்க வேண்டும். இல்லையென்றால் தேவையில்லாத கோடு விழும். விளக்கு தன் கையைப் பார்த்துத் திரும்பினால் கை தெரிந்துவிடும்.

காட்டேரிக்குக் காடாத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, ஐந்து மீட்டர் வாங்குங்கள். சோமனூர், பல்லடம் பக்கத் தறிகளில் ஓடுகிற துணிதான். அப்படியே சாயத்தில் போட்டுவிடாதீர்கள், பாவில், அதாவது நெடுக்கு நூலில், கஞ்சி இருக்கும், சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். ஒரு கிலோ துணிக்குக் கடுக்காய்த் தூள் 150 கிராம், வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறட்டும். பிழிந்து, அன்னபேதி (இரும்புச் சல்பேட்) 15 கிராம் கரைத்த வேறு தண்ணீரில் போட்டால் கண்ணெதிரே சாம்பலாகிக் கறுக்கும். அன்னபேதி கூடினால் துணி இற்றுப்போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து, ஊடையான குறுக்கு நூலை அங்கங்கே உருவிவிட்டால் பழந்துணி ஆகிவிடும்.

இட்டேறிக்குப் போகும் ஆறு பேரும் ஷூ போட்டிருக்க வேண்டும், ஆளுக்கொரு டார்ச் வேண்டும். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் ராத்திரியில்தான் அதிகம் நடமாடும். கடித்தால் கீறாமல், கட்டாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோட்டத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. ஃபிரேம் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிறவருக்குக் கிணறு தெரியாது. பகலிலேயே போய்க் கிணற்றிலிருந்து இருபதடி தள்ளி ஒரு கயிறு கட்டிவிடுங்கள். தோட்டக்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் தலைவைக்காதீர்கள். அது புலிகள் காப்பகம், ராத்திரி யானை நடமாட்டமும் உண்டு. அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு.

லென்ஸ் கேட்டிருந்தீர்கள். இருக்கிற 50 மி.மீ. அல்லது கேமராவோடு வந்ததே போதும். கேமராவோடு வந்ததில் எஃப் 2.8 திறக்கவில்லையென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டாயிரத்தில் கையால் அளவு மாற்றுகிற ஃபிளாஷ் ஒன்று, அதைத் தூரத்திலிருந்து இயக்க ட்ரிக்கர், ஸ்டாண்டு, நிறத் தாள், சேலை. எடுத்ததும் மோகினி படத்தை எனக்கு அனுப்பு கண்ணு. சேலையில் மடிப்பு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.